கைப்பிடியைக் கட்டிய நூல்

அத்தியாயம் எட்டு

இறந்தவருடைய கால் பெருவிரல்கள் இரண்டும் வெள்ளை நூலினாற் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அதைக் கண்ட பொலிஸ்காரர் இருவரும் இது கொலையென்றே ஐயுற்றனர். அதே நூலை வைத்தியசாலையிற் கண்ட மனைவி யோகமலரோ, இது கொலையன்று என்பதை அந்தக் கணமே அறிந்துகொண்டார். காலைக் கட்டியவர் தமிழர். கண்களை மூடி, கைகளை நேராக்கி, செத்தவருக்கு உரிய முதல் மரியாதையைச் செய்துவிட்டே போயிருக்கிறார். ஆனால் அவர் யார்? ஏன் நில்லாமற் போனார்?

பிரேதத்தை அறுத்துப் பார்த்த வைத்தியர், இதயம் தானாகவே நின்றதென்று எழுதினார். பொலிஸார் வழக்குக் கோவையை மூடிவிட்டனர். யோகமலரால் அப்படி மூடிவிட இயலவில்லை. ஸ்காபரோவில் பலசரக்குக் கடையொன்றின் மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்திவந்த செலீனைத் தேடி வந்தார்.

"கள்ளனைப் பிடிச்சுத் தாங்கோ எண்டு கேக்கேல்லைப் பிள்ளை," என்று அன்று அவர் சொன்னார். "அவர் போகேக்கை பக்கத்திலை ஒரு ஆள் நிண்டிருக்கு. கடைசியா என்ன சொன்னவர் எண்டு அந்த ஆளுக்குத் தெரியும். அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

அம்புலன்ஸை அழைத்ததும் அந்த ஆளே. 'என் சகோதரன் விழுந்துவிட்டான், விரைந்து வாருங்கள்' என்று ஆண்குரல் ஒன்று ஆங்கிலத்தில் மொழிந்திருந்தது. அழைப்பு வந்ததும், இறந்தவர் கிடந்த நிலவறைத் தொலைபேசியிலிருந்துதான். சகோதரன் என்ற சொல்லை நம்பிச் செலீனும் உதவியாளன் ஜனார்த்தனனும் இரண்டு கிழமை அலைந்தனர். இறந்துபோன இராசரத்தினத்துக்கு உடன்பிறந்தார் எவருமிலர். ஆயினும் சித்தப்பன் மக்கள், பெரியம்மாவின் மக்கள், ஒன்றுவிட்டவர், இரண்டுவிட்டவர் என்று றொரன்ரோவிலே பதினொரு 'தம்பிமார்' அகப்பட்டனர். பதினொருவரும் அவர் இறந்த அந்தப் புதன்கிழமை முற்பகல் வேலைத்தலத்தில் இருந்தவர்கள்.

"பதினொரு பேர் அக்கா," என்றான் ஜனார்த்தனன். "ஒரு கிரிக்கெட் ரீமே இறக்கலாம். நடுவருக்குத்தான் ஆள் இல்லை."

"நடுவர் எண்டால் வாயை மூடிக்கொண்டு நிக்கவேணும். உமக்குச் சரிவராது," என்றாள் செலீன். "வாரும், அந்த பேஸ்மென்ரை இன்னொருக்காப் பாப்பம்."

1997 மார்ச் மாதத்துச் சனிக்கிழமை அது. மில்லிக்கன் வீடுகளின் ஓரங்களில் அழுக்கேறிய பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. யோகமலர் கதவைத் திறந்துவிட்டு, நிலவறைப் படியின் தலையிலேயே நின்றுகொண்டார்.

"நீங்கள் வரேல்லையோ அன்ரி?" என்று கேட்டான் ஜனார்த்தனன்.

"ரெண்டு வருசமா நான் கீழை இறங்கிறேல்லைத் தம்பி. பெட்டை அந்த வேதக்காரப் பெடியனோடை போன நாளிலையிருந்து அவர் கீழை, நான் மேலை. அவளுக்காகத்தான் அவர் என்னோடை கதைச்சவர். நான் மறுமொழி சொல்லேல்லை. அவர் இந்தச் சூதாட்ட மெசினுகளோடை போய் இருந்திட்டார்."

"மாப்பிள்ளை வீட்டார் ஆரும் வந்து போறவையோ?" என்றாள் செலீன்.

"அவையளின்ரை காலடி இந்த வீட்டுப் படியிலை பட்டதில்லை. படவும் விடன்."

செலீனும் கிறிஸ்தவள், வேதக்காரிதான். அவள் முகத்தில் ஒன்றுந் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கீழே நான்கு சூதாட்டப் பொறிகள் வரிசையாய் நின்றன. ஒவ்வொன்றும் அறுபது வயதுக்குக் குறையாதது. வார்ப்பு முகப்பிலே சிறகு விரித்த கழுகு. அதன் கீழே மூன்று உருளைகளில் எலுமிச்சை, செரிப்பழம், மணி என்று வண்ணப் படங்கள். வலப்புறத்தில் இழுத்து விடுவதற்கு முழங்கை நீளக் கைப்பிடி. யாழ்ப்பாணக் கச்சேரியில், அந்த அரச பணிமனையில், இருபது வருடம் கோவை புரட்டிய இராசரத்தினம், தம் வாழ்நாளில் ஒரு சதங்கூடச் சூதாடியவரல்லர். ஆறு வருடத்துக்கு முன்பு அயலவர் ஒருவர் வீட்டுவாசலிற் போட்டு விற்ற பழம்பொருள்களிடையே, துருப்பிடித்து இறுகிப்போன பொறியொன்றைக் கண்டார். அது ஏன் சுழலவில்லை என்று அறியும் ஆசை அன்று பிடித்தது. பிறகு விடவில்லை. இறுகிய எண்ணெயை மண்ணெண்ணெயாற் கரைப்பதும், நொந்த விற்சுருள்களை மாற்றுவதும், உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடைவெளியில் 'டக், டக், டக்' என்று நிற்கும்வரை சீர்செய்வதுமே அவருடைய பொழுதுபோக்கு.

"எனக்கெண்டால் கோயில் வாகனம் மாதிரிக் கிடக்கு," என்றான் ஜனார்த்தனன். "காசு போட்டால் வரம் தராது. அங்கையும் அப்பிடித்தான்."

செலீன் நான்காவது பொறியின் முன்னே குந்தியிருந்தாள். அதன் முதுகு திறந்திருந்தது. கழற்றிய பாகங்கள் மேசைமேலே பரப்பப்பட்டு, ஒவ்வொன்றிலும் இலக்கமிட்ட அட்டைத்துண்டு நூலாற் கட்டப்பட்டிருந்தது. கழற்றிய ஒழுங்கை மறவாதிருக்க அவர் கைக்கொண்ட முறை அது.

"அட்டையிலை இருக்கிற எழுத்து ஆற்றை?"

"எல்லாம் இராசரத்தினம் அங்கிளின்ரை. கச்சேரிக் கையெழுத்து."

"முடிச்சுகளைப் பாரும்."

பார்த்தான். ஒன்று, மூன்று, ஐந்து என்ற அட்டைகளிலே சப்பாத்துக்குப் போடுகிற தளர்ந்த முடிச்சு. இரண்டு, நான்கு, ஆறு என்றவற்றில் இறுகிய சின்னஞ்சிறு முடிச்சு. நகத்தாலும் நெம்ப இயலாதது. அறுபத்தெட்டாம் இலக்கம் வரை அது பிசகவேயில்லை.

"ஒராள் ஒண்டைக் கழட்டிக் கட்டேக்கை மற்ற ஆள் அடுத்ததைக் கழட்டியிருக்கிறார்," என்றாள் செலீன். "ஒரு நாள் வந்து போன ஆள் இல்லை ஜனா. இது பழகின ஆள். கனகாலமா வந்த ஆள்."

"அன்ரிக்குத் தெரியாமலோ?"

"அன்ரி வேலைக்குப் போற நாள். அவருக்கு லீவு நாள். புதன்கிழமை. பக்கக் கதவு நேரை கீழைதான் வருது."

பிறகு அவள் பொறியின் கைப்பிடியைச் சுட்டினாள். அது கீழே இழுக்கப்பட்ட நிலையில், மேசைக்காலோடு பிணைக்கப்பட்டிருந்தது. நூல் நீளம் போதாமையால் இரண்டு துண்டுகள் இணைக்கப்பட்டிருந்தன. இணைப்பிலே அந்த இறுகிய முடிச்சு. எஞ்சிய நுனி கத்தரிக்கப்பட்டிருந்தது. பொலிஸார் திருப்பிக் கொடுத்த சிறு பையிலிருந்து, இராசரத்தினத்தின் கால்விரலிற் கிடந்த நூலை எடுத்து அந்த நுனியோடு பொருத்தினாள். இரு வெட்டும் ஒன்றோடொன்று சரியாய் இணைந்தன.

"முதல் கைப்பிடியைக் கட்டியிருக்கு. பேந்துதான் காலைக் கட்டியிருக்கு," என்று மெல்லச் சொன்னாள். "ஒரு மனிசன் விழுந்து கிடக்கேக்கை, ஆர் போய் மெசினின்ரை கைப்பிடியைக் கட்டுவினம்?"

கேட்டபடியே, இறுகிய முடிச்சிட்ட நூலொன்றை அட்டையோடு எடுத்துக்கொண்டாள்.

எமில்டாவின் மீன்கடை ஸ்காபரோவில், சாறிக்கடைக்கும் பயண முகவர் நிலையத்துக்கும் நடுவிலே இருந்தது. எமில்டா யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடற்கரையிற் பிறந்து வளர்ந்தவள். விளைமீன் செதிலைச் சீவியபடியே, செலீன் நீட்டிய நூலை ஒரு கண்ணாற் பார்த்தாள்.

"உது கிழிஞ்ச வலையைப் பொத்தேக்கை போடுற முடிச்சு. கடலிலை இழுக்க இழுக்க இறுகும். கச்சேரிக்காரருக்கு உது எங்கை தெரியப்போகுது?"

"கடற்கரை ஆக்கள் இந்த ஊரிலை நாலாயிரம் பேர் இருப்பினமே அக்கா," என்றான் ஜனார்த்தனன். "எல்லாரிட்டையும் நூலைக் குடுத்துச் சோதினை வைக்கேலுமோ?"

"தம்பி, நீர் மீன் வாங்க வந்தனீரோ, கதை விக்க வந்தனீரோ?" எமில்டா கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பொதி கட்டும் நூலில் அதே முடிச்சைப் போட்டு அருகே வைத்தாள். "இப்ப ரெண்டையும் பாரும். என்ரை வால் எந்தப் பக்கம் நிக்குது?"

"வலப்பக்கம்."

"உங்கடையின்ரை வால்?"

"இடப்பக்கம்! கண்ணாடிக்குள்ளை பாத்த மாதிரிக் கிடக்கு."

"இது இடக்கையாலை போட்டது. எங்கடை கரையிலை இடக்கையாலை வலை பொத்தினது ஒரே ஒராள்தான். 'அவனுக்குப் பக்கத்திலை இருக்காதை, ரெண்டுபேற்றை ஊசியும் இடிபடும்' எண்டு அப்பு பேசுறவர். சீமோன் அண்ணை. பிறம்ரனிலை ஒரு பெரிய குடோனிலை வேலை. நல்ல மனிசன் செலீன். என்ன பிழை விட்டவர்?"

"பிழை விட்டாரோ எண்டுதான் தெரியேல்லை," என்றாள் செலீன்.

விளைமீனிலே அரைக்கிலோவை வாங்கிக்கொண்டு பிறம்ரனை நோக்கிப் புறப்பட்டனர். ஜனார்த்தனனுடைய பழைய கார் நெடுஞ்சாலை முழுவதும் இருமிக்கொண்டே சென்றது.

"பிறம்ரனிலையிருந்து மில்லிக்கனுக்கு பஸ்ஸிலை எண்டால் ரெண்டரை மணித்தியாலம் அக்கா. இரவு வேலை முடிச்சு, நித்திரையில்லாமல், கிழமைக்கொருக்கா. ஒரு துருப்பிடிச்ச பெட்டியைக் கழட்டவோ? காதலியைப் பாக்கக்கூட நான் உவ்வளவு தூரம் போகமாட்டன்."

"அதுதான் உமக்கு ஒருத்தியும் இல்லை."

பண்டகசாலையின் எதிரே பஸ் தரிப்பிடத்து வாங்கிலிலே சீமோன் அமர்ந்திருந்தார். அறுபது வயது; நெடிய உருவம்; கடலும் வெயிலும் கறுப்பித்த முகம். அவருடைய இடது முழங்கையில் தடித்த பட்டியொன்று சுற்றப்பட்டிருந்தது. செலீன் தன்னை யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. அருகே அமர்ந்து, அந்தப் பட்டியையே நோக்கினாள்.

"எவ்வளவு நேரம் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள் அண்ணை?"

அவர் திரும்பிப் பார்த்தார். ஓடவுமில்லை, மறுக்கவுமில்லை. யாராவது வந்து கேட்கவேண்டுமென்று இருபத்துநான்கு நாள்களாகக் காத்திருந்தவர்போல, நெடுமூச்சொன்று விட்டார்.

"தெரியேல்லைப் பிள்ளை. பத்து நிமிசமோ, பதினைஞ்சோ. அங்கை மணிக்கூடு இல்லை."

"அவற்றை கை மெசினுக்குள்ளை இருந்தது. இல்லையோ?"

"ஓம். பெரிய சுருளைக் கொழுவேக்கை ஒராள் கைப்பிடியை இழுத்துப் பிடிக்கவேணும். விட்டால் உள்ளுக்கை இருக்கிற விரல் நாலும் போயிடும். நான் முன்பக்கம். அவர் பின்பக்கம், தலையைக் குனிஞ்சு, கையை உள்ளுக்கை விட்டபடி. திடீரெண்டு நெத்தியை மெசினிலை வைச்சார். 'என்ன இராசரத்தினம்?' எண்டன். 'விடாதை' எண்டார். நான் விடேல்லை." அவர் தம் இடக்கையைப் பார்த்துக்கொண்டார். "சுருள் கொழுவுப்படேல்லையாக்கும், மூச்சைப் பிடிச்சுக்கொண்டு பாக்கிறாராக்கும் எண்டு நினைச்சன். அவர் வேலை செய்யேக்கை கதைக்கிறேல்லை. நானும் கதைக்கேல்லை. பேந்து கூப்பிட்டன். பேந்தும் கூப்பிட்டன். விட்டால் அவற்றை கை. விடாட்டி ஆள். போன் மற்றச் சுவரிலை. காலாலை, நிலத்திலை கிடந்த ரெண்டு நூல்துண்டை இழுத்து, ஒரு கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டுக் கைப்பிடியைக் கட்டி முடிய… அவற்றை உடம்பு ஆறிப்போச்சு."

பஸ்ஸொன்று வந்து நின்று, எவரும் ஏறாமையாற் போய்விட்டது.

"ஏன் நில்லாமல் வந்தனீங்கள்?" என்று கேட்டான் ஜனார்த்தனன். பகிடி சொல்லும் குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

"மனிசிக்குத் தெரியக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். அம்புலன்ஸ் சந்திக்கு வாற சத்தம் கேட்டாப்போலைதான் பக்கக் கதவாலை வெளியிலை வந்தனான். எதிர்ப்பக்கம் நிண்டு, கொண்டுபோகுமட்டும் பாத்தனான்."

"அவவுக்குத் தெரிஞ்சால் என்ன? நீங்கள் அவருக்கு ஆர்?"

சீமோன் அவனை வியப்போடு நோக்கினார்.

"உங்களுக்குத் தெரியாதோ தம்பி? அவற்றை மகள் சுபாங்கியைக் கட்டினது என்ரை மகன்தான்."

காலடியே பட்டதில்லையென்று யோகமலர் சொன்ன படியிலே இரண்டு வருடமாய்ப் புதன்கிழமைதோறும் பட்டுவந்தது சம்பந்தியின் காலடி.

"கலியாணம் முடிஞ்ச ஒரு மாதத்திலை சமாதானம் பேசப் போனனான்," என்றார் சீமோன். "அவர் அந்த நேரம் கீழை ஏதோ தூக்கேலாமல் நிண்டவர். வாங்கோ எண்டும் சொல்லேல்லை, போங்கோ எண்டும் சொல்லேல்லை. 'இதை ஒருக்காப் பிடியுங்கோ' எண்டார். பிடிச்சன். அடுத்த கிழமையும் போனன். ரெண்டு வருசம். பிள்ளையளைப்பற்றி ஒருநாளும் கதைச்சதில்லை. சுபாங்கி குடுத்துவிடுற சாப்பாட்டைக் கொண்டுபோவன். 'ஆர் சமைச்சது?' எண்டு கேளார். பெட்டியை வழிச்சுச் சாப்பிட்டிட்டுக் கழுவித் தருவார். போனிலை சகோதரன் எண்டது எனக்கு வாயிலை தானா வந்திட்டுது பிள்ளை. சம்பந்தி எண்டதுக்கு இங்கிலிஷ் தெரியேல்லை."

பிறகு, இத்தனை நாளாய்த் தம்மை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"உடனை விட்டிட்டு ஓடிப்போய் போன் எடுத்திருந்தால், தப்பியிருப்பாரோ?"

செலீன் தயங்கவேயில்லை.

"இல்லை அண்ணை. வைத்தியற்றை அறிக்கை என்னட்டைக் கிடக்கு. நெத்தியை வைச்ச நேரமே எல்லாம் முடிஞ்சுதெண்டு எழுதியிருக்கு. ஆராலும் ஒண்டும் செய்திருக்கேலாது."

சீமோனின் தோள்கள் தாழ்ந்தன. முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டார்.

அந்த அறிக்கையை ஜனார்த்தனன் மூன்று தடவை வாசித்திருந்தான். அதில் அப்படி ஒரு வரி இல்லை.

"அவற்றை மனிசி ஒண்டே ஒண்டுதான் கேக்கிறா," என்றாள் செலீன். "கடைசியா என்ன சொன்னவர் எண்டு. எங்களோடை வாங்கோ."

"அதைச் சொல்லி அவவுக்கு என்ன ஆறுதல் பிள்ளை?"

"தெரியாது. ஆனால் கேக்கிறது அவ."

காரிலே சீமோன் பின்னிருக்கையில், பட்டி கட்டிய கையை மடியில் வைத்தபடி, கண்களை மூடியிருந்தார். ஜனார்த்தனன் தாழ்ந்த குரலிற் சொன்னான்:

"அக்கா, அன்ரியின்ரை பேரைச் சொன்னவர் எண்டு சொல்லச் சொல்லுவம். ஒரு பொய்தானே. ஆருக்கு நட்டம்?"

"அவ என்னட்டைக் கேட்டது உண்மையை."

"அப்ப இவர் கேட்டது? அறிக்கையிலை அந்த வரி எந்தப் பக்கத்திலை கிடக்கு?"

"றோட்டைப் பாத்து ஓட்டும்," என்றாள் செலீன். யன்னற்பக்கமாய்த் திரும்பியிருந்த அவள் கன்னம் நனைந்திருந்ததை அவன் கண்டும் காணாதவன்போல இருந்துவிட்டான்.

கதவைத் திறந்த யோகமலர், சீமோனைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினார். கலியாணப் படத்தில் அந்த முகத்தை அவர் பார்த்திருக்கிறார். செலீன் நடந்ததையெல்லாம் நான்கைந்து வாக்கியங்களிற் சொன்னாள். புதன்கிழமைகளைச் சொன்னாள். பிடித்துக்கொண்டு நின்றதையும் சொன்னாள். யோகமலர் சமையலறை மேசையைப் பற்றிக்கொண்டு கேட்டார். எவரையும் இருக்கச் சொல்லவில்லை.

"அப்ப இந்த வீட்டிலை அவர் ஆரோடையோ சிரிச்சுக் கதைச்சிருக்கிறார்," என்றார் கடைசியில்.

"கதைக்கிறேல்லைத் தங்கச்சி," என்றார் சீமோன். "சும்மா வேலை செய்வம்."

"என்ன சொன்னவர்?"

சீமோன் செலீனைப் பார்த்தார். அவள் தலையை அசைக்கவுமில்லை, தடுக்கவுமில்லை.

"உங்களுக்கெண்டு ஒண்டும் சொல்லேல்லை. பிள்ளைக்கெண்டும் சொல்லேல்லை. நான் ஏதும் கூட்டிச் சொன்னால் பாவம். 'விடாதை' எண்டார். அவ்வளவுதான்."

ஜனார்த்தனன் தரையை நோக்கினான். இப்போதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாமே என்று அவன் நினைத்தான்.

"செத்தவீட்டுக்கு வந்த ஒருத்தர் சொன்னார், 'முருகா' எண்டிருப்பார் எண்டு," என்று யோகமலர் மெதுவாய்ப் பேசத் தொடங்கினார். "பக்கத்து வீட்டு மனிசி சொன்னா, என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாராம். எல்லாரும் ஒவ்வொண்டு கொண்டுவந்து தந்தினம். இரவிலை கிடந்து ஒவ்வொண்டா அவற்றை வாயிலை வைச்சுப் பாத்தன். ஒண்டும் பொருந்தேல்லை. அவற்றை குரலே எனக்கு மறந்துபோச்சோ எண்டு பயந்துபோனன்." அவர் நிமிர்ந்தார். "எப்பிடிச் சொன்னவர்? கோவமாவோ?"

"இல்லை. வேலைக்கை சொல்லுற மாதிரி. கொஞ்சம் அவசரமா."

"சொல்லுங்கோ. அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

சீமோன் தொண்டையைச் செருமினார். பிறகு, தம்முடையதல்லாத குரலில், குறுக்கி, வெட்டினாற்போற் சொன்னார்:

"விடாதை."

இருபத்துநான்கு நாள்களாக ஒரு துளி கண்ணீருஞ் சிந்தாதிருந்த அந்தப் பெண்மணியின் உதடுகள் நடுங்கின.

"ஓம்," என்றார். "அவர்தான்."

மேசைமேலே தலையைச் சாய்த்து, வாய்விட்டு அழத் தொடங்கினார். சிறிது பொழுதின்பின், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"இன்னொருக்காச் சொல்லுங்கோ அண்ணை."